பொன் எடுத்தவன் எங்கே? புழுதி தின்பவன் இங்கே!

கோலார் தங்கவயல் என்றதும் நமக்குத் தங்கம் நினைவுக்கு வரும். அங்கே குடியிருப்பவனைக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே! அவன் தங்கத்தைப் பற்றிப் பேசமாட்டான். காற்றடிக்கும் காலத்தில் கூரையிலும் குடத்திலும் சோற்றுத் தட்டிலும் வந்து படியும் புழுதியைப் பற்றித்தான் பேசுவான்.

1880 இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலக் கம்பெனி அங்கே கால்வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வறுமையால் விரட்டப்பட்ட தமிழர்கள் — அவர்களிலே பெரும்பாலோர் சேரிமக்கள் — பாதாளத்தில் இறங்கினார்கள். சாம்பியன் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் அதிகம்! வெட்டியவன் தொழிலாளி, வெளிச்சம் கண்டது தங்கம், கொழுத்தது சீமைக் கம்பெனி. 1956 இல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களை ஏற்றது. 1962 இல் அவை மத்திய சர்க்காரிடம் போயின. 2001 பிப்ரவரி 28 இல் மூடப்பட்டன.

சுரங்கத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். சயனைடு மேட்டுக்கு யார் பூட்டுப் போட்டது? கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்து, தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு 13 மேடுகளாக நிற்கிறது. பரப்பு 1,000 ஏக்கருக்கு மேல். எடை ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன்!

ஏன் இந்த நிலை? சுரங்கத்தை மூடுவதற்குத் திட்டமும், அதற்கு ஈடாகப் பணமும் காட்டவேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2003 இல்தான் வந்தது. வெள்ளம் வருமுன் அணை போடுவதுதான் அறிவு. இங்கே வெள்ளம் வந்து வடிந்த பிறகு மண்வெட்டியைத் தேடினார்கள்!

முதலாளிகளின் கோட்டை என்கிறோமே அமெரிக்காவை, அங்கே நடந்ததைப் பாருங்கள். 1977 இல் ஒரு சட்டம் செய்தார்கள். நிலக்கரி எடுக்கும் கம்பெனி, வெட்டும் முன்பே ஜாமீன் தொகை கட்டவேண்டும். மண்ணைச் சீராக்கினால்தான் அது திரும்பக் கிடைக்கும். பழைய கம்பெனிகள் கைவிட்டுப் போன குழிகளை மூட, ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கங்களிடம் டன்னுக்கு இவ்வளவு என்று வரி. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு 35 சென்ட், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 15 சென்ட் என்று தொடங்கினார்கள்.

அங்கும் ஓட்டை இருந்தது. பெரிய கம்பெனிகள் சிலவற்றிடம் ரொக்க ஜாமீன் வாங்காமல், வாய்வாக்கை நம்பின சில மாநிலங்கள். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் அந்தக் கம்பெனிகள் மஞ்சள் கடுதாசி நீட்டின! 2021 இல், கைவிடப்பட்ட நிலக்கரி நிலங்களைச் சீராக்க மக்கள் பணத்திலிருந்து 1,130 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

"ஜாமீன் கேட்டால் தொழில் நசிந்துவிடும்" என்பார்கள். செலவு எங்கும் ஓடிவிடாது, ஐயா! கம்பெனியின் தோளிலிருந்து இறங்கினால், உழைப்பவனின் தோளில் ஏறும். மேட்டை அடக்க, மரம் நட, நீரைச் சுத்தம் செய்ய எந்திரமும் ஆளும் கம்பெனியிடம் உண்டு. வேலையைக் கம்பெனி செய்யட்டும். முன்பணம் வாங்குவதும், அளந்து பார்ப்பதும், தவறினால் தண்டிப்பதும் சர்க்காரின் வேலை. தானே முதலாளியாக இருக்கும் சுரங்கத்தில் சர்க்கார் தனக்கும் அதே சட்டத்தைப் போட்டுக்கொள்ளவேண்டும்!

வெட்டிய நிலத்தில் மறுபடி புல் முளைக்கச் செய்வதைக் குத்தகை நிபந்தனையாக்கு என்று 2020 இல் உச்சநீதிமன்றமே மத்திய அரசுக்குச் சொன்னது. 2024 ஜூனில், அந்த 13 மேடுகளிலும் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. எடுக்கட்டும். ஆனால் எடுப்பவன், துகளை அரித்துக்கொண்டு தூசியை விட்டுப் போகக்கூடாது. நிலத்தைச் சீராக்கும் பணத்தை முதலில் கட்டு, பிறகு மண்வெட்டியைத் தொடு என்று ஒப்பந்தத்தில் எழுதவேண்டும்.

ஒருமுறை சுரண்டப்பட்ட மண் அது. இரண்டாம் முறை சுரண்ட விடலாமா? தொழிற்சங்கத் தோழர்களே, அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்!