வழி சொல்லாத உலகம்

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய 'எல்டன் ரிங்' வீடியோ கேம் 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது. மூன்று வாரம் முடிவதற்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. அந்த முதல் நாட்களில் விளையாடியவர்கள் பலரும் ஏறத்தாழ ஒரே கதையைத்தான் சொன்னார்கள். கல்லறைக் குகையின் இருட்டிலிருந்து மேலேறி, கனத்த கதவைத் திறந்தால் லிம்கிரேவ் என்ற பச்சைப் புல்வெளி விரிகிறது. தொலைவில், வானத்தையே நிறைத்துக்கொண்டு பொன்னாய் ஒளிரும் ஒரு மகாமரம். கொஞ்சம் கீழே, இடிந்த தேவாலயத்துக்குப் போகும் வழியில், பொற்கவசம் பூண்ட குதிரைவீரன் ஒருவன் மெதுவாகச் சுற்றி வருகிறான். ஆட்டத்தின் வாசலிலேயே நிற்கிறானே, சுலபமாக வீழ்த்தக்கூடிய ஆளாகத்தான் இருப்பான் என்று வாளை உருவிக்கொண்டு போனவர்கள் அடுத்த சில நொடிகளில் செத்துக் கிடந்தார்கள். எழுந்து மறுபடி போனார்கள், மறுபடி செத்தார்கள். சில முறை செத்த பிறகுதான் பலருக்கு உறைத்தது: அவனோடு மோதாமல் சுற்றிக்கொண்டு போய்விடலாமே!

'இது என்ன அநியாயம்' என்று ஒரு சாரார் கொதித்தார்கள். 'இப்படியொரு உலகத்தில் இதற்குமுன் நடந்ததே இல்லை' என்று இன்னொரு சாரார் உருகினார்கள். பல பேர் ஒரே இரவில் இரண்டையும் சொன்னார்கள். இவை எதிரெதிர்க் கருத்துகள் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து. வழி கண்டுபிடிக்கும் வேலையை இந்த ஆட்டம் விளையாடுபவரின் மூளையிடமே விட்டுவிடுகிறது. மூளை அந்த வேலையை எப்படிச் செய்கிறது என்பதோ, கடந்த அரை நூற்றாண்டில் நரம்பியல் கண்டறிந்த மிக அழகான விஷயங்களில் ஒன்று.

வீடியோ கேம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். 'ஓப்பன் வேர்ல்டு' வகை ஆட்டத்தில் லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்று வரிசையாகப் போகவேண்டியதில்லை. ஒரு பெரிய நிலப்பரப்பில் நினைத்த திசையில் போகலாம். ஆனால் இந்த வகையில் வந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்தச் சுதந்திரத்தை ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் பிடுங்கிக்கொண்டன. திரையின் மூலையில் மினிமேப், அதில் போகவேண்டிய இடத்துக்கு ஒரு புள்ளி, அங்கே போய்ச்சேர அம்புக்குறி. விளையாடுபவர் மலையையும் ஆற்றையும் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு ஓடுவார். எல்டன் ரிங்கில் மினிமேப் கிடையாது. திரையின் மேலே ஒரு திசைகாட்டிப் பட்டை உண்டு. இளைப்பாறும் இடங்கள் சிலவற்றிலிருந்து ஒரு பொன்னிற ஒளிக்கீற்று, ஏறக்குறைய இந்தப் பக்கம் என்று காட்டும். அவ்வளவுதான். எந்தக் குகையில் என்ன இருக்கிறது, இந்தப் பகுதிக்கு வருவதற்கு நமக்கு வலு போதுமா என்பதை எல்லாம் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

இப்படித் தானே வழி தேடும்போது மூளை என்ன செய்கிறது? 1971இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஜான் ஓ'கீஃபும் அவருடைய மாணவர் ஜொனதன் தஸ்த்ரோவ்ஸ்கியும் எலிகளின் மூளையில் மெல்லிய மின்முனைகளைச் செருகி, ஹிப்போகேம்பஸ் பகுதியின் செல்களைக் கவனித்தார்கள். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு செல் துடிக்கிறது. வேறோர் இடத்துக்கு நகர்ந்தால் வேறொரு செல். இவற்றுக்கு இடச் செல்கள் என்று பெயர். 2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இணையர், பக்கத்துப் பகுதியில் இன்னொரு வகைச் செல்லைக் கண்டார்கள். இந்தச் செல் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் நில்லாமல், தரை முழுவதும் அறுகோண ஒழுங்கில் அமைந்த பல புள்ளிகளில் துடித்தது; தூரத்தை அளக்க மூளை தானே விரித்துக்கொண்ட கட்டத்தாள் அது. மூவருக்கும் 2014இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனிதர்களிடம் இடச் செல்களை நேரடியாகக் கண்டறிந்த ஆய்வில் எலிக்கூண்டுக்குப் பதிலாகப் பயன்பட்டது ஒரு வீடியோ கேம். வலிப்பு நோய் அறுவை சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகள், கணினித் திரையில் ஒரு கற்பனை ஊருக்குள் டாக்ஸி ஓட்டினார்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்க் கடைகளில் இறக்கிவிட்டார்கள். அவர்கள் கட்டிலைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனாலும் திரையில் குறிப்பிட்ட இடத்துக்கு வண்டி வந்தபோது, ஹிப்போகேம்பஸின் குறிப்பிட்ட செல்கள் துடித்தன. 2003இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. நடக்கும் தெருவானாலும் திரைக்குள் தெரியும் தெருவானாலும் மூளையின் வரைபடச் செல்களுக்கு வேலை ஒன்றுதான்.

அம்புக்குறி காட்டினால் என்ன ஆகும்? அதற்கும் விடை இருக்கிறது. லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களைத் திரையில் சுற்றிவரச் செய்து, அப்போது மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள் நரம்பியலாளர் ஹியூகோ ஸ்பியர்ஸின் குழுவினர். 2017இல் முடிவை வெளியிட்டார்கள். தானே வழி தேடியவர்கள் ஒரு புதிய தெருவுக்குள் நுழைந்தபோது, அங்கிருந்து எத்தனை கிளைகள் பிரிகின்றனவோ அதற்கேற்ப ஹிப்போகேம்பஸும் மூளையின் முன்நெற்றிப் பகுதியும் பரபரத்தன. 'இடதுபக்கம் திரும்பு', 'வலதுபக்கம் திரும்பு' என்ற கட்டளையைப் பின்பற்றியபோது அந்தப் பரபரப்பைக் காணோம். வழிகாட்டும் கருவி (சாட்நாவ்) சொல்லும்போது மூளை தெருவைக் கணக்கிடுவதை நிறுத்திவிடுகிறது. முதல் பத்து மணி நேரத்திலேயே லிம்கிரேவின் ஒவ்வொரு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தவர்கள், வேறு ஆட்டங்களில் நூறு மணி நேரம் திரிந்தும் ஊர் மனதில் நிற்கவில்லையே என்று வியந்ததற்குக் காரணத்தை நான் இங்கேதான் தேடுவேன்.

சொல்லாமலே வழிகாட்டவும் ஆட்டத்தை வடிவமைப்பவர்களுக்குத் தெரியும். எல்டன் ரிங்கின் மகாமரம் ஏறக்குறைய எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை அதை வைத்தே கணிக்கலாம். நிண்டெண்டோவின் 'பிரெத் ஆஃப் தி வைல்டு' ஆட்டத்தை உருவாக்கியவர்கள் 2017இல் ஜப்பானில் நடந்த ஒரு மாநாட்டில் தங்கள் முறையை விளக்கினார்கள். நிலத்தை முக்கோண வடிவங்களால் நிரப்பினார்களாம். ஒரு குன்று எதிரே நின்றால் ஏறிப் போவதா, சுற்றிப் போவதா என்று ஆள் யோசிப்பார். சுற்றிப் போகும்போது அதன் பின்னால் மறைந்திருந்த இன்னொன்று மெல்ல வெளிப்படும். கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். நாமே கண்டுபிடித்தோம் என்ற நிறைவு நமக்குக் கிடைக்கிறது. அது ஏமாற்று அல்ல, உண்மையிலேயே நாம் முடிவெடுத்துத்தான் நடந்திருக்கிறோம்.

அந்த முதல் வாரத்தில் அதிகம் பேசப்பட்டது ஒரு லிஃப்ட். லிம்கிரேவின் கிழக்கே மூடுபனிக் காட்டுக்குள் ஒரு சிறிய கல் கட்டடம். உள்ளே வட்டமான ஒரு மேடை. மிதித்ததும் இறங்கத் தொடங்குகிறது. வழக்கமாக ஒரு நிலவறையும் நான்கு எலும்புக்கூடுகளும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறோம். மேடை இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது, பழுதாகி நிற்காமல் போகிறதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. அடியில் நடந்து வெளியே வந்தால், பூமிக்கு அடியில் ஊதா நிற வானம். அதில் கோடி விண்மீன்கள். கீழே ஓர் ஆறும் இடிந்த தூண்களும். வரைபடத்தைத் திறந்தால் அதிலும் இதற்கென்று தனியே ஓர் அடுக்கு முளைத்திருக்கிறது.

இந்த ஆட்டத்தின் வரைபடமே அப்படித்தான். தொடக்கத்தில் சிறியதாகக் காட்டும். புதிய திசையில் போகப் போகச் சட்டத்தின் ஓரம் நகர்ந்து பெரிதாகும். உலகம் இவ்வளவுதான் என்று மனதில் போட்ட கணக்கு ஒவ்வொரு முறையும் பொய்க்கும். நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகள் இந்தப் பொய்த்தலின் மதிப்பைக் காட்டின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைக்கும்போது மூளையின் டோபமைன் செல்கள் பொங்கும். வரும் என்று தெரிந்துவிட்டால், கிடைக்கும் நேரத்தில் அந்தப் பொங்கல் அடங்கிவிடும். எதிர்பார்த்தது வராவிட்டால் வழக்கமான துடிப்பும் குறையும். அதாவது, பரிசின் அளவைவிட எதிர்பார்ப்புக்கும் பரிசுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தச் செல்கள் அளக்கின்றன. வரைபடத்தில் முன்கூட்டியே நூறு குறிகளை அள்ளித் தெளித்த ஆட்டத்தில் அந்த வித்தியாசத்துக்கு இடமே இல்லை.

கொதித்தவர்கள் பக்கம் வருவோம். ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பெரிய எதிரி (பாஸ்) நிற்கிறான். கண்ணால் கண்டு விரலால் பொத்தானை அழுத்த மனிதருக்குச் சுமார் கால் நொடி தேவை. அதனால் சண்டை ஆட்டங்களில் தேர்ந்தவர்கள் அடியைக் கண்டபின் விலகுவதில்லை. எதிரியின் தோள் உயர்வதைக் கண்டதுமே, இன்ன நேரத்தில் அடி விழும் என்று மூளை கணித்துவிடும். மார்கிட் தடியை ஓங்குகிறான். நாம் உருண்டு விலகுகிறோம். ஓங்கிய தடி அப்படியே காற்றில் நிற்கிறது. நாம் உருண்டு எழும் நேரம் பார்த்துத் தலையில் இறங்குகிறது. பழைய ஆட்டங்களில் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த கணிப்பு முழுவதும் இங்கே செல்லாக்காசு. அனுபவசாலிகள்தான் அதிகம் அலறினார்கள் என்பதில் வியப்பில்லை. அவனை விட்டுவிட்டு வேறு திசையில் போய், வலுவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரலாம் என்பதுதான் ஓப்பன் வேர்ல்டு தந்த புதிய விடுதலை. வாசலில் அந்தக் குதிரைவீரன் கற்பித்த பாடமும் அதுவே.

எல்லாக் குறையையும் இப்படித் தத்துவம் பேசி நியாயப்படுத்திவிட முடியாது. கணினியில் வாங்கியவர்கள் முதல் நாளே கடும் கோபத்தில் இருந்தார்கள். ஸ்டீம் தளத்தில் பயனர் மதிப்பீடு அன்று கலவையாகத்தான் இருந்தது. நொடிக்கு 60 படங்கள் ஓட வேண்டுமானால் ஒரு படத்தை வரைய 16.7 மில்லிநொடிதான் அவகாசம். ஒரு பொருளின் மேல் ஒளி எப்படி விழும், நெருப்பு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லும் சிறு நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். கன்சோல் பெட்டிகள் ஒரு மாடலுக்குள் எல்லாம் ஒரே மாதிரி என்பதால், அவற்றுக்கேற்ப ஷேடர்களை முன்கூட்டியே தயாரித்து அனுப்பலாம். கணினிகளில் கிராபிக்ஸ் கார்டு ஆளுக்கொன்று. புதிய எதிரியோ புதிய மந்திரமோ முதன்முறை தோன்றும் கணத்தில்தான் அதற்கான ஷேடர் தயாராகிறது. அதுவரை திரை திக்கி நிற்கும். கால் நொடிக் கணிப்பை நம்பி உயிர் பிழைக்கும் ஆட்டத்தில் இது சிறு குறையா? காசு கொடுத்தவர்களின் கோபம் முழுக்க நியாயமானது. உதவி கேட்ட பாத்திரங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துவைக்க வசதி இல்லை என்ற புகாரும் அப்படித்தான். அதை நிறுவனமே ஏற்றுக்கொண்டது போல, வெளியான மூன்றே வாரத்தில் வந்த 1.03 அப்டேட்டில் அந்தப் பாத்திரங்களின் பெயரும் குறியும் வரைபடத்தில் இடம்பெற்றன.

ஒரே புல்வெளி ஒருவருக்கு விருந்தாகவும் இன்னொருவருக்குத் திண்டாட்டமாகவும் இருப்பதற்கு வளர்ந்த ஊரும் ஒரு காரணமாகலாம். வழி கண்டுபிடிக்கும் திறனை அளப்பதற்கென்றே உருவாக்கிய 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற மொபைல் கேமில், 38 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 4 லட்சம் பேரின் ஆட்டத்தை ஆராய்ந்த முடிவு 2022இல் 'நேச்சர்' இதழில் வந்தது. நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியாக நன்றாக வழி கண்டார்கள். சிகாகோ போல நேர்நேராகத் தெருக்கள் வெட்டிக்கொள்ளும் நகரங்களில் வளர்ந்தவர்கள், வளைந்து நெளிந்த பாதைகளில் தடுமாறினார்கள். லிம்கிரேவில் நேர்ச்சாலை கிடையாது.

எல்டன் ரிங்கின் இயக்குநர் ஹிடேடகா மியாசாகி, சிறுவயதில் தன் வாசிப்புத் திறனுக்கு மீறிய புத்தகங்களை எடுத்துப் படித்ததைப் பற்றிப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். புரியாத பகுதிகளைப் படங்களைப் பார்த்துத் தானே கற்பனை செய்து நிரப்பிக்கொள்வாராம். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இந்த உலகத்துக்கு எழுதிக்கொடுத்த பழங்கதையையும் அவர் துண்டுதுண்டாக வாள்களின் குறிப்புகளிலும் சிதிலங்களிலும் சிதறவிட்டது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். 2022ஆம் ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த ஆட்டத்துக்கான விருது எல்டன் ரிங்குக்கே போனது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இது குழந்தைகளுக்கான ஆட்டம் அல்ல. ரத்தமும் கோரமும் நிறைய உண்டு. அமெரிக்காவில் 17 வயதும் ஐரோப்பாவில் 16 வயதும் எல்லையாக வைத்திருக்கிறார்கள். அந்த வயதைத் தாண்டியவர்கள் புதிதாகத் தொடங்குவதானால், முதல் பத்து மணி நேரமாவது யூடியூபில் வழிகாட்டி வீடியோ பார்க்காமல் விளையாடுங்கள். மார்கிட்டை வெல்ல முடியாதபோது வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். வழி தெரியாதபோது மட்டும் பார்க்காதீர்கள்.