துளையும் தொலைவும்

தென்மேற்குப் பருவக்காற்று குற்றால மலையில் சாரலாய்ப் பொழியும் நாள்களில், தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் சூரியகாந்தி மலர்ந்து நிற்கும். படம் எடுத்துக்கொள்வதற்கென்றே மக்கள் அங்கு வருகின்றனர். ஒருவர் எடுத்த படத்தில் மலர் மட்டும் தெளிவாக நிற்க, பின்னுள்ள வயலும் மலையும் மஞ்சளும் நீலமுமாகக் கரைந்திருக்கும். மற்றொருவர் படத்தில் மலரின் இதழ் முதல் மலையின் முகடு வரை அனைத்தும் துலங்கும். இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணம், வில்லையில் ஒளி நுழையும் துளையின் அளவாகும்.

ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்கள் துளை முழுவதையும் நிரப்பி நுழைந்து, வில்லையின் பின்புறம் கூம்பாகக் குவிகின்றன. எப்பொருளுக்குக் குவியம் அமைத்தோமோ அதன் கூம்பு, ஒளியுணரியின்மேல் கூர்முனையாய் முடியும். அதற்குப் பின்னால் தொலைவில் உள்ள பொருளின் கூம்போ உணரியை எட்டுமுன்னரே குவிந்து, மீண்டும் விரிந்து, ஒரு வட்டமாகப் பதியும். இவ்வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதையே மங்கல் என்கிறோம். துளை அகன்றால் கூம்பு பருத்து வட்டம் பெரிதாகும். துளை சுருங்கினால் வட்டம் புள்ளியை நெருங்கும். கிட்டப்பார்வை உடையோர் கண்ணை இடுக்கித் தொலைவைச் சற்றுத் தெளிவாகக் காண்பதும் இதனாலேயே.

குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துப் பெறுவது எஃப் எண். 50 மி.மீ. வில்லையில் எஃப் 2 எனில் துளை 25 மி.மீ.; எஃப் 16 எனில் ஏறத்தாழ 3 மி.மீ. எண் பெருகத் துளை சிறுக்கும் என்பது தொடக்கத்தில் எவரையும் தடுமாறச் செய்யும். 35 மி.மீ. படச்சுருளின் சட்டத்தை ஒத்த உணரியில், 2 மீட்டர் தொலைவில் நிற்பவரை எஃப் 2இல் எடுத்தால், முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 20 செ.மீ. மட்டுமே தெளிவு. எஃப் 16இல் அது 1.8 மீட்டராக நீளும்.

பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம் நெடுங்காலம் சிதைந்தே நின்று, 1990இல் மீண்டும் முழுமை பெற்றது. அதற்கு முன் அவ்வாயிலில் எடுக்கப்பட்ட குடும்பப் படமொன்றில் பின்புலம் தெளிவாக இருப்பின், சிதைந்த கோபுரமும் அதில் சான்றாக நிற்கும். மங்கியிருப்பின் முகங்களே எஞ்சும். மங்கலே அழகு என்னும் இன்றைய விருப்பம் இத்தகைய இடங்களில் ஏற்புடையதாகத் தோன்றவில்லை. கோபுரம் சட்டத்துள் அடங்குமாறு விலகிநின்று, உறவினரை 6 மீட்டர் தொலைவில் நிறுத்தி, அதே வில்லையை எஃப் 16இல் வைத்தால் முகமும் கோபுரமும் ஒருங்கே தெளியும்.

சிறு துளையால் ஓர் இடரும் உண்டு. எஃப் 2இலிருந்து எஃப் 16க்குச் சென்றால் துளையின் விட்டம் 8இல் ஒரு பங்காகும். பரப்போ 64இல் ஒரு பங்கு. மேகம் கவிந்த குற்றாலத்தில் 1/500 நொடியில் பதிந்த ஒளியைப் பெற, இப்போது ஏறத்தாழ 1/8 நொடி வேண்டும். பேரருவியின் நீர் முன்னதில் துளித்துளியாய் உறையும். பின்னதில் வெண்ணூலாய் நீளும். குளிப்பவர் அசைந்தால் முகம் கலையும். கை நடுங்கினால் மலையே கலையும். ஆதலால் முக்காலி தேவை. சாரல் படியும் வில்லையைத் துடைக்க மெல்லிய துணியும் தேவை.

திறன்பேசி வில்லையின் குவியத்தூரம் சில மில்லிமீட்டரே. எஃப் எண் சிறிதாயினும் துளையும் மிகச் சிறிது; ஆகவே தொலைவும் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதன் உருவப்பட முறையில் தோன்றும் மங்கல், பெரும்பகுதி கணிப்பால் பின்னர்ப் பூசப்படுவது. காற்றில் கலையும் கூந்தல் இழைகளையும் சூரியகாந்தி இதழோரங்களையும் அக்கணிப்பு சில வேளைகளில் பின்புலம் எனக் கொண்டு மழுக்கிவிடுகிறது.