தட்டைத்திரைத் தொலைக்காட்சியும் திருத்துவோன் காப்பும்

இலங்கையிலே தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அக்காலத்துப் பெட்டி பெயருக்கேற்பப் பெட்டியாகவே இருந்தது. பின்புறம் பெருத்து, மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு, இருவர் கூடித் தூக்கினாலன்றி அசையாத பாரத்தோடு விளங்கிற்று. வர்ணப் பெட்டியின் படக்குழாயில் 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டென்பதைத் திருத்துவோர் யாவரும் அறிவர். அதன் பின்மூடியைத் தொடுமுன் ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பர். இன்று சுவரிலே படம்போலத் தொங்கும் தட்டைத்திரையைக் காண்பார்க்கு அவ்வச்சம் எழுவதில்லை. மெல்லியது, பாரமற்றது, ஆதலின் தீங்குமற்றது என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடுகின்றது. இம்முடிவு எவ்விடத்திலே பிழைக்கின்றது என்பதையும், அவ்விடத்தை அறிந்தவர் வீட்டிலே அச்சமின்றிச் செய்யத்தக்கன எவை என்பதையும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்னியலிலே தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வகுப்பிலே புணரியலைக் கேட்டு உறங்கும் மாணவன், கைத்தொலைபேசியிற் காணும் திருத்தற் பாடத்தை நள்ளிரவிலும் உறங்காது காண்கின்றான். அது நன்றே, கைத்தொழில் கற்க விழையும் பிள்ளையை எவ்வாசிரியனும் தடுத்தலாகாது. ஆனால் அப்பாடங்களிற் பேசப்படும் மொழி பெரும்பாலும் ஆங்கிலமோ இந்தியோ ஆகும். கை செய்வது கண்ணுக்குத் தெரிகின்றது. வாய் சொல்லும் எச்சரிக்கை செவிக்கு விளங்குவதில்லை. விளங்காத அவ்வெச்சரிக்கையை விளங்குந் தமிழிற் சொல்லுதல் தமிழாசிரியன் தொழிலுக்குப் புறம்பானதன்று.

தட்டைத்திரையின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே காணப்படுவது வியப்பூட்டும் வெறுமையே. பெரும்பாலான பெட்டிகளில் மூன்று பலகைகளே உள. வீட்டு மின்னை வாங்கிப் பிறவற்றுக்குப் பகிர்ந்தளிப்பது மின்வழங்கற் பலகை. அன்ரனா, செய்மதிப் பெட்டி முதலியவற்றிலிருந்து வருவனவற்றைப் படமும் ஒலியுமாக ஆக்குவது முதன்மைப் பலகை. படத்தைத் திரையின் புள்ளிதோறும் ஒழுங்குபடுத்தி அனுப்புவது, திருத்துநர் 'ரீ-கொன்' என வழங்குஞ் சிறு பலகை. சில பெட்டிகளில் இவை இரண்டாகவோ ஒன்றாகவோ இணைந்துமிருக்கும். இவற்றுள் உயிருக்கு ஊறு செய்யவல்லது முதலாவதே. ஆதலின் அதனைப் பற்றிச் சற்று விரித்துரைப்பாம்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். இவ்வெண் ஒருவகைச் சராசரியேயன்றி உச்சமன்று. அலையின் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ற்று ஆகும். பலகையிலுள்ள இருவாயிகள் இவ்வாடலோட்டத்தை நேரோட்டமாக்கும்போது அவ்வுச்ச அளவே கிடைக்கின்றது. பெரிய பெட்டிகளில் இதனை மேலும் உயர்த்தி 380 முதல் 400 வோல்ற்று வரை ஆக்குவதோர் உறுப்பும் உண்டு. இவ்வுயரழுத்தம் பெருவிரற் பருமனுள்ள ஓர் உருளையிலே சேர்த்துவைக்கப்படுகின்றது. இரண்டு மூன்று உருளைகள் உள்ள பலகைகளும் உள. அங்கிருந்து அது செக்கனுக்குப் பல்லாயிரம் முறை வெட்டப்பட்டு, ஒரு சிறு நிலைமாற்றியினூடாகச் சென்று 12, 24 வோல்ற்று எனத் தாழ்ந்து வெளிவருகின்றது.

அவ்வுருளையைத் தமிழகத்தார் மின்தேக்கி என்பர். நம் பாடநூல்கள் கொள்ளளவி என்னும். பெயரிலேயே எச்சரிக்கை அடங்கியிருத்தல் காண்க. அது கொள்ளும், கொண்டதை எளிதில் விடாது. 100 மைக்குரோ பரட்டுக் கொள்ளளவியொன்று 390 வோல்ற்றில் நிரம்பியிருக்குமாயின் அதனுள் ஏறக்குறைய 7.6 யூல் சத்தி உறைகின்றது. ஒரு கிலோகிராம் எடையை முக்கால் மீற்றருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து விழவிட்டால் எவ்வளவு தாக்குமோ அவ்வளவு அது. காலில் விழுந்தால் நோவு. ஒரு கையால் ஏறி மறு கையால் இறங்கும் வழியில் நெஞ்சினூடாகக் கணப்பொழுதிற் பாயுமாயின் நோவோடு முடியும் என்று எவரும் உறுதி கூறவியலாது.

மின்னைத் துண்டித்த பின்னும் இச்சத்தி அங்கேயே நிற்கும் என்பதே முதன்மையாக அறியவேண்டியது. அதனினும் நுட்பமானதொன்று உண்டு. நன்றாக இயங்கிய பெட்டியிற் செருகியைக் கழற்றியதும், பலகை தானே எஞ்சிய மின்னை உண்டு சில செக்கன்களிற் கொள்ளளவியை வெறுமையாக்கிவிடும். இயங்காத பெட்டியிலோ மின்னை உண்பார் ஒருவருமிலர். வெட்டும் உறுப்பு எரிந்து வழி அடைபட்டிருப்பின், கொள்ளளவி நெடுநேரம் நிறைந்தபடியே கிடக்கும். ஆகவே உயிருள்ள பெட்டியைக் காட்டிலும் செத்த பெட்டியே ஆபத்து மிக்கது. நாம் திறப்பதோ செத்த பெட்டியைத்தான். வீட்டிலே 'றிப்' ஆளி உண்டே, அது காக்காதோ எனின், காக்காது. அவ்வாளி, வீட்டினுட் செல்லும் ஓட்டமும் மீளும் ஓட்டமும் 30 மில்லி அம்பியர் அளவில் வேறுபட்டாற் சுற்றை உடைப்பது. செருகி கழன்று கிடக்கும் பெட்டியின் கொள்ளளவியிலே நிகழ்வது அதற்குத் தெரியாது.

இனி அதனை வெறுமையாக்கும் முறை. ஆளியை அணைத்தல் போதாது. செருகியைச் சொக்கெற்றிலிருந்து முற்றாகக் கழற்றிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தல் வேண்டும். கம்பிகள் முறைமாறிப் பூட்டப்பட்ட வீடுகள் நம் ஊர்களிற் குறைவல்ல. அங்கே ஆளி அணைந்த பின்னும் உயிர்க்கம்பி உயிரோடேயிருக்கும். சில நிமிடங் கழித்து மூடியைத் திறந்து, 10 கிலோ ஓம் தடையும் 10 உவாற்றுத் தாங்குதிறனுமுள்ள தடையியொன்றை, நன்கு காவலிடப்பட்ட கம்பிகளோடு, கொள்ளளவியின் இரு முனைகளுக்குங் குறுக்கே பத்துச் செக்கன் பிடித்தல் வேண்டும். ஒரு கையே வேலை செய்க. மறு கை முதுகின் பின்னால் இருக்கட்டும். அதன்பின் பல்மானியால் அளந்து, அழுத்தம் சில வோல்ற்றுக்குக் கீழே இறங்கியதென உறுதிசெய்து, பின்னரே விரல் வைக்கலாம். கொள்ளளவி ஒன்றுக்கு மேற்பட்டிருப்பின் ஒவ்வொன்றையும் இவ்வாறே செய்க. திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறிபறக்க வெறுமையாக்குவாரும் உளர். அது பலகையின் செப்புத்தடத்தை உருக்கும். பொறி கண்ணிலே தெறிக்கும். அதனை வீரமென்று மாணவர் கருதற்க.

அளத்தலிலும் ஒரு கண்ணி உண்டு. பல்மானியின் கறுப்பு முனையைப் பெட்டியின் உலோகச் சட்டத்தில் வைத்துச் சிவப்பு முனையாற் கொள்ளளவியைத் தொடுவோர் பலர். நிலைமாற்றியின் உயரழுத்தப் பக்கத்துக்கும் உலோகச் சட்டத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை. எனவே மானி ஏறத்தாழப் பூச்சியங் காட்டலாம், கொள்ளளவி நிறைந்தேயிருக்கலாம். அதன் சொந்த இரு முனைகளுக்கிடையிலேயே அளத்தல் வேண்டும். மானி நலமாக உள்ளதா என்பதை, அளக்குமுன்னும் அளந்தபின்னும் அறிந்ததொரு மின்கலத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

இவ்வளவு விரித்தற்குக் காரணம் உண்டு. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலே மின்சாரமில்லாக் காலத்தில், மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை ஒன்று நம்மிடையே உளது. பழைய மாணவருட் பலர் அக்காலத்தே கம்பிகளை வெறுங்கையால் முறுக்கியே மின்னியல் பழகினர். அக்கை 6 வோல்ற்றிலும் 12 வோல்ற்றிலும் பழகிய கை. அதன் துணிவைப் போற்றுகின்றேன். 390 வோல்ற்றுக்கு அத்துணிவு பொருந்தாது.

பெட்டியைத் திறவாமலே நோயறிதல் பெரும்பாலும் இயலும் என்பதையும் சொல்லவேண்டும். சிறு விளக்கும் எரியாதாயின் முதலிற் சொக்கெற்றையே ஐயுறுக. வேறொரு விளக்கைச் செருகிப் பார்க்க. செய்மதிப் பெட்டி வேறு உள்ளீட்டிலிருக்க, தொலைக்காட்சி பழுதென்று சுமந்து திரிவோரும் உளர். 'ரிமோற்' செய்யாதாயின் அதன் முனையைக் கைத்தொலைபேசிப் படக்கருவியின் முன்பிடித்து அழுத்துக. பெரும்பாலான படக்கருவிகளிலே செங்கீழ்க் கதிர் மங்கலான ஒளியாகத் தோன்றும். படம் உறைந்து நின்றாற் செருகியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் இடுக. சிவப்பு விளக்கு எரிந்தும் பெட்டி எழாதாயின், காத்திருப்பு மின் வருகின்றது, மேற்கொண்டு செல்லவில்லை என்பது பெறப்படும். அவ்விளக்கு எண்ணி எண்ணிக் கண்சிமிட்டுமாயின், அது பெட்டி தன் நோயைத் தானே சொல்லுங் குறிப்பாகும். எத்தனை முறை சிமிட்டுகின்றது என்பதை எழுதிவைத்துத் திருத்துநரிடஞ் சொல்லுக.

ஒலி கேட்கின்றது, திரை இருண்டுள்ளது: இதுவே மிகுதியாகக் காணப்படும் நோய். திரவப் பளிங்குத் திரை தானே ஒளிர்வதன்று. பின்னாலுள்ள ஒளியை மறைத்தும் விட்டுமே படங் காட்டுகின்றது. அறையை இருளாக்கி மின்சூளைத் திரைக்கு அருகே சாய்த்துப் பிடித்தால் உள்ளே படம் மங்கலாக ஓடுவது தெரியும். தெரியின், பின்னொளி அவிந்தது, மற்றவை நலம் என்று முடிவு செய்யலாம். (தானே ஒளிரும் புள்ளிகளையுடைய புதுவகைத் திரைகளுக்கு இச்சோதனை பொருந்தாது.) பின்னொளி தருவன ஒளிகாலும் இருவாயிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 வோல்ற்று வேண்டுவது. 30 இருவாயிகள் தொடராக இணைந்தால் 90 வோல்ற்று. தொடரிணைப்பாதலின் ஒன்று அறுந்தால் அவ்வரிசை முழுவதும் அவியும். ஆளியைப் போட்டதும் ஒருகணம் ஒளிர்ந்து உடனே இருளுமாயின், பலகை அப்பழுதை உணர்ந்து தன்னைத் தானே அடைத்துக்கொண்டது என்க. திரையில் வெண்ணிலாப் போலச் சிற்சில வட்டங்கள் தோன்றுவது வேறு; அங்கே இருவாயியின் மேலுள்ள சிறுவில்லை கழன்று விழுந்துள்ளது.

இருவாயிப் பட்டிகளை மாற்றுதற்குத் திரையையே தூக்கவேண்டும். இவ்விடத்திலேதான் நல்ல திருத்துநரும் தோற்கின்றனர். திரையின் விளிம்பிலே ஒட்டப்பட்டுள்ள மென்படலங்கள் தலைமயிர் போன்ற நூற்றுக்கணக்கான தடங்களைத் தாங்குவன. ஒன்று கிழிந்தாலும் அதனை மீள ஒட்டும் இயந்திரம் சாதாரணக் கடைகளில் இல்லை. இருவரன்றி ஒருவர் தூக்கலாகாது; மேசையில் மெத்தென்ற துணி விரித்தல் வேண்டும். ஒரு பட்டியை மட்டும் மாற்றாது எல்லாப் பட்டிகளையும் ஒருங்கே மாற்றுதலே சிக்கனம். இன்று ஒன்று அவிந்தாற் பிறவும் அதே வயதினவன்றோ? புதியன இட்டபின் பின்னொளியின் அளவைச் சற்றுக் குறைத்து வைத்தால் வெப்பங் குறையும், ஆயுள் நீளும். இதனை இன்னும் கெடாத பெட்டியிலும் இன்றே செய்யலாம். பழைய தட்டைத்திரைகளிலே இருவாயிக்குப் பதிலாக மெல்லிய ஒளிர்குழாய்கள் உள. அவற்றுக்கு ஏறக்குறைய 1,000 வோல்ற்று வேண்டும், அவற்றினுள் இரசமும் உண்டு. உடைத்தெறியற்க.

மின்வழங்கற் பலகையிலே மேற்புறம் தட்டையாயிருக்க வேண்டிய சிறு கொள்ளளவிகள் உப்பியிருப்பின் அவற்றை மாற்றலாம். கொள்ளளவு அதேயாக, தாங்கும் அழுத்தம் அதேயாகவோ மிகுதியாகவோ, வெப்பந் தாங்குதல் 105 பாகை செல்சியசாக இருக்கவேண்டும். நேர்முனை மறைமுனை மாறலாகாது. உருகி எரிந்திருப்பின் அதனை மட்டும் மாற்றுதல் பயனில்லை. காரணமின்றி உருகி எரிவதில்லை. அதன் இடத்திலே கம்பியைச் சுற்றிவைப்போன் வீட்டுக்கு நெருப்பு வைப்பவனாவான். 60 உவாற்று இழைமின்குமிழ் ஒன்றை வீட்டு மின்னுக்கும் பெட்டிக்கும் இடையே தொடராக இணைத்துச் சோதிப்பது தேர்ந்தோர் வழக்கம்: குமிழ் ஒருகணம் ஒளிர்ந்து மங்கினாற் பெரும்பாலும் நலம், முழு ஒளியோடு நின்றால் உள்ளே குறுஞ்சுற்று உண்டு. இன்றைய சிக்கனக் குமிழ்கள் இதற்கு உதவா.

நம் நாட்டுக்கே உரிய பகைவர் சிலர் உளர். வெப்பத்தை நாடித் துளைவழியே புகும் பல்லி, உயரழுத்தத் தடங்களுக்குக் குறுக்கே கிடந்து தானும் மாண்டு பலகையையும் மாய்க்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுச் செப்பை அரிக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமுழங்குங் காலத்திலே, மேகங் கறுக்கும்போதே மின்செருகியையும் அன்ரனாக் கம்பியையும் ஒருங்கே கழற்றல் வேண்டும். ஒன்றைக் கழற்றி ஒன்றை விடுவோர் பலர்; மின்னல் விட்ட வழியால் வரும். ஆளியின் சிறு இடைவெளி அதற்கு ஒரு பொருட்டன்று. இடி தலைக்குமேல் வந்தபின் செருகியைத் தொடற்க.

திரை வெடித்திருந்தாலோ, விளிம்புப் படலம் விட்டு நிலைக்கோடுகள் நிரந்தரமாகத் தோன்றினாலோ பெட்டியைத் திறப்பதிற் பொருளில்லை. புதுத்திரையின் விலை புதுப்பெட்டியின் விலையை நெருங்கிவிடும். உள்ளே நீர் புகுந்திருந்தாலும், கருகிய நாற்றம் எழுந்தாலும், தொழிலறிந்தாரிடமே கொடுத்துவிடுக.

திறந்ததை மூடுதற்கும் முறையுண்டு. பின்மூடியின் திருகாணிகள் ஒரே நீளமுடையனவல்ல. நீண்டதைக் குறுந்துளையிற் செலுத்தினால் அதன் முனை பலகையையோ திரையின் முதுகையோ துளைக்கும். ஆகவே கழற்றும்போதே ஒரு தாளில் மூடியின் வடிவத்தை வரைந்து, எத்துளைக்கு எத்திருகாணியோ அதனை அவ்விடத்திலேயே குத்திவைக்க. மூடியபின் முதல் ஒருமணி நேரம் பெட்டியைத் தனியே ஓடவிட்டு வெளியே செல்லாது, அருகிலிருந்து பார்த்துக்கொள்க.