சுண்டெலி ஏன் ஒதுங்கி நின்றது?

என் நாத்தனார் மகனுக்கு நாலு வயது. மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடினால், அவன் மட்டும் சுவரோரமாய் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருப்பான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பொங்கலுக்கு வந்திருந்தபோது, "பொத்திப் பொத்தி வளர்த்தா இப்படித்தாம்மா ஆகும்" என்று சொல்லிவிட்டேன். அவள் பேசாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். பிறகுதான் டாக்டர் அவனுக்கு ஆட்டிசம் என்றார்.

விலங்கியல் படிக்கும் என் மகள் ஒருநாள் ஒரு விஷயம் சொன்னாள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசரோத் என்று ஒரு மனநல மருத்துவர். அவருடைய குழுவினர் 2011-ல் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனை அது.

மூளையில் பக்கத்துச் செல்லைத் தூண்டிவிடும் செல்களும் உண்டு, அடக்கி வைக்கும் செல்களும் உண்டு. பால் பொங்கினால் அடுப்பைத் தணிக்க ஒரு கை வேண்டாமா, அந்த மாதிரி! எலி மூளையின் முன்பகுதியில் இந்தச் செல்கள் ஒளிக்குக் கட்டுப்படும்படி, பச்சைப் பாசியிலிருந்து வந்த ஒரு மரபணுவைப் புகுத்தி, மெல்லிய இழை வழியே ஒளி பாய்ச்சினார்களாம். (எலி பாவம்தான். எனக்கும் மனசு கேட்கவில்லை.) தூண்டும் செல்கள் மிதமிஞ்சிக் கிளர்ந்ததும், புது எலியைக் கண்டால் ஓடிப்போய் முகர்ந்து பார்க்கும் எலி, கிட்டப் போவதையே ஏறக்குறைய விட்டுவிட்டது. ஆனால் புதுப் பொருள் ஒன்றை வைத்தால் வழக்கம்போல் ஆராய்ந்தது. எனக்குச் சட்டென்று அந்த டப்பா மூடி ஞாபகம் வந்தது. அடக்கும் செல்களையும் கூடவே கிளப்பிவிட்டபோது, ஓரளவு பழையபடி பழகியது.

2017-ல் அதே குழுவினர், ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணு பிறவியிலேயே வேலை செய்யாத எலிகளை எடுத்துக்கொண்டார்கள். அடக்கும் செல்களை ஊக்கினாலும் சரி, தூண்டும் செல்களைத் தணித்தாலும் சரி, அவை மற்ற எலிகளோடு கூடுதலாகப் பழகின.

"எலி வேற, குழந்தை வேறம்மா. இது வைத்தியமில்லை. காரணமும் இது ஒண்ணே ஒண்ணுன்னு நினைச்சுக்காதே" என்று மகள் கண்டிப்பாகச் சொன்னாள். ஒரு காலத்தில் அமெரிக்காவில், தாய்க்குப் பாசம் போதாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று பெரிய படிப்பாளிகளே சொன்னார்களாம். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் அப்படிப் புத்தகமே எழுதினார். அது தவறென்று பின்னால் தெரிந்தது. அதற்குள் எத்தனை தாய்மார் அழுதார்களோ!

போன ஞாயிறு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றேன். "விடுங்க அண்ணி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பேச்சுப் பயிற்சிக்குப் பையனை அழைத்துப் போகிறாளாம். அவன் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு மூடியைச் சுழற்றினேன். கொஞ்சநேரம் கழித்து என் மூடியை ஒரு தரம் பார்த்தான்.