அம்மாவுக்கு ஒரு ஜன்னல்... எக்ஸ்ட்ரா எவ்வளவு சார்?

பெண்டாட்டியோடு கப்பல் ஏறுகிறவனுக்கு எந்த ரூம் கிடைத்தாலும் சொர்க்கம்தான். சிநேகிதர்களோடு ஏறுகிறவன் ரூம் பக்கமே போகமாட்டான். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு ஏறுகிறவன் இருக்கிறானே... அவன்தான் சார், கப்பலின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி ரூம் ரூமாகப் பொருத்தம் பார்க்க வேண்டியவன்!

எனக்குச் சொந்த ஊர் நாட்றாம்பாளையம். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகிற காட்டு ரோட்டில் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் பிலிகுண்டுலு. கர்நாடகாவிலிருந்து வருகிற காவிரித் தண்ணீரை மத்திய அரசாங்கம் அளந்து பார்க்கிற இடம். பேப்பரில் 'இத்தனை ஆயிரம் கன அடி' என்று தினமும் வருமே... அந்தக் கணக்கு அங்கே எடுப்பதுதான். அதனாலோ என்னவோ, கப்பல் பேச்சை எடுத்ததும் அம்மா சொன்னது இது: "நம்மூர்ல தண்ணிய அளந்து அளந்துதாண்டா பார்த்திருக்கேன். அளக்க முடியாத தண்ணிய ஒரு தடவை பார்த்துட்டு வர்றேனே."

இதற்கு மேல் ஒரு பிள்ளை என்ன பேச முடியும்?

2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து, 'கோர்டிலியா' கம்பெனியின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல் கிளம்பியது. அந்த சீசனிலேயே ரெண்டு ராத்திரிப் பயணத்துக்கு நாங்களும் துண்டு போட்டோம். நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் செக்ஷன். பத்து ரூபாய் போல்ட்டுக்கு மூன்று கொட்டேஷன் வாங்குகிற ஜாதி. பெற்றவள் படுத்துத் தூங்கப்போகிற ரூமுக்கு வாங்கமாட்டேனா?

ஆபீஸில் விஷயம் கசிந்ததும் ஆளாளுக்கு யோசனை. "இன்டீரியர் கேபின் போடு மச்சி, அதுதான் சீப். தூங்கறதுக்குத்தானே ரூமு? அம்மாவை ரூம்ல உட்கார வெச்சு டி.வி. போட்டுக் கொடுத்துட்டு நீ மேல வந்து ஜாலியா இரு" என்றான் ஸ்டோர்ஸ் நண்பன். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவை உட்கார வைத்து டி.வி. போட்டுக் கொடுக்க எதற்கு வங்காள விரிகுடா? நாட்றாம்பாளையத்திலேயே டி.வி. நன்றாகத்தான் தெரிகிறது!

இன்டீரியர் என்றால் கப்பலின் வயிற்றுக்குள் இருக்கிற ரூம். ஜன்னல் கிடையாது. நூற்றுச் சொச்சம் சதுர அடி இருந்தால் அதிகம். லைட்டை அணைத்தால் கும்மிருட்டு. ராத்திரியா, விடிந்துவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். நமக்கு அது வசதி... ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை போர்த்திக்கொண்டு கிடக்கிற கூட்டம்தானே நாம்! அம்மா அப்படியில்லை. அப்பா போனதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்ததே கிடையாது. தாழ்வாரத்தில் பாயைப் போட்டு, வாசலைப் பார்த்தபடி படுப்பாள். வெளிச்சம் முகத்தில் பட்டால் எழுந்திருப்பாள். ராத்திரியில் ரெண்டு மூன்று தடவை எழுந்து போகிற வேலை வேறு இருக்கிறது (சர்க்கரை). அவளைக் கொண்டுபோய் ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால், முதல் ராத்திரியே மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "சன்னல் இருக்குமா தம்பி?"

இருக்கும். அதற்குப் பெயர் 'ஓஷன் வியூ'. இன்டீரியரைவிட ரேட் கூடுதல். அதற்கும் மேலே பால்கனி. ஆனால் எம்ப்ரஸ் 1990-ல் பிரான்ஸில் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கட்டிய கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி கொஞ்சம்தான் வைப்பார்கள். வேண்டுமென்றால் சூட் வகைக்குப் போக வேண்டும். அந்த ரேட்டைக் கேட்டதும் எனக்கு மயக்கம் வந்தது... கடல் மயக்கம் இல்லை! ஓஷன் வியூ என்று முடிவு செய்து, அம்மாவிடம் ஒரு உண்மையையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "அம்மா, அந்த ஜன்னல் திறக்காது. கண்ணாடி மட்டும்தான்."

"தெறக்காத சன்னலுக்கா இத்தனை காசு?"

நியாயமான கேள்வி. பதில் ரெண்டாம் நாள் விடிகாலையில் கிடைத்தது. நாலரை மணிக்கு நான் கண் விழித்தால், அம்மா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். தூரத்தில் மீன்பிடிப் படகின் விளக்குகள் மினுக் மினுக்கென்று. எத்தனை நேரமாய் உட்கார்ந்திருந்தாளோ! "பதினேழு வெளக்கு எண்ணினேன்டா" என்றாள். என் கொட்டேஷன் ஃபைலை அப்போதே குளோஸ் பண்ணிவிட்டேன்.

ஜன்னல் என்று டிக்கெட்டில் இருந்தால் மட்டும் போதாது. சில கப்பல்களில் சில தளங்களில் ஜன்னலுக்கு நேர் எதிரே உயிர்காக்கும் படகைத் தொங்கவிட்டிருப்பார்கள். காசு கொடுத்துப் படகின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். 'மறைக்கப்பட்ட காட்சி' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பொடி எழுத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். 'கேரன்ட்டி' என்று ஒரு ரேட்டும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். வகைக்குத்தான் கேரன்ட்டி, எந்த ரூம் என்பதைக் கப்பல்காரர்கள் முடிவு செய்வார்கள். தனியாளாகப் போனால் தாராளமாக எடுங்கள். முட்டிவலிக்காரரோடு போகும்போது அந்தச் சீட்டுக்குலுக்கல் வேண்டாம்.

அடுத்தது, ரூம் எங்கே என்பது. இதற்கு இன்ஜினீயரிங் படிக்க வேண்டாம், ஒகேனக்கல் பரிசல் ஏறியிருந்தால் போதும். குறுகுறுக்கிற குழந்தையையும் பயந்த கிழவியையும் பரிசல்காரர் விளிம்பில் உட்கார வைக்கமாட்டார், நடுவுக்குத் தள்ளுவார். கப்பலிலும் அதேதான். எம்ப்ரஸ் 211 மீட்டர் நீளம், 11 தளம். அலையில் மூக்கு தூக்கும்போது வால் தாழும். நடுப்பகுதி கிட்டத்தட்ட இருந்த இடத்தில் இருக்கும், பிள்ளைகள் ஆடுகிற சீ-ஸா பலகையின் நடு மாதிரி. பக்கவாட்டு ஆட்டமோ உயரம் போகப் போக அதிகம். தென்னைமரத்தின் அடி ஆடுவதில்லை, உச்சிதான் ஆடுகிறது. ஆகவே கீழ்த்தளம், நடுப்பகுதி. மேல் மாடி என்றால் கௌரவம் என்று நினைக்கிறவர்கள் அப்பார்ட்மென்ட்டோடு நிறுத்திக்கொள்ளவும். பின்கோடி ரூம்களில் இன்ஜின் அதிர்வு. முன்கோடியில் அலை மோதும் சத்தம், நங்கூரச் சத்தம். ரேட் குறைவாக இருந்தால் காரணம் இல்லாமல் இருக்காது.

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். ஆனால் ஒட்டினாற்போல் வேண்டாம். கப்பல் தாழ்வாரங்கள் முடிவே இல்லாமல் நீளும். நாலைந்து ரூம் தள்ளி இருந்தால் நடைக்கும் நல்லது, 'டிங் டிங்' சத்தத்துக்கும் தப்பலாம். அப்புறம் உங்கள் ரூமுக்கு மேலே என்ன, கீழே என்ன என்று வரைபடத்தில் ஒரு பார்வை. மேலேயும் ரூம், கீழேயும் ரூம் என்றால் உத்தமம். தலைக்கு மேலே நடன அரங்கம் வந்தால், விடிய விடிய நீங்கள் ஆடலாம், அம்மா தூங்கமுடியாது. தலைக்கு மேலே நீச்சல்குளத்துத் தளம் வந்தால் அதிகாலையிலேயே நாற்காலி இழுக்கிற சத்தம்.

இந்த 'எந்தப் பக்க ரூம்' என்கிற கவலை இன்றைக்கு வந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியா வருகிறவர்கள் வரும்போது இடப்பக்கமும், திரும்பும்போது வலப்பக்கமும் ரூம் கேட்பார்களாம். வெயில் படாதாம். அந்த ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்துகள் சேர்ந்துதான் 'போஷ்' என்ற சொல் பிறந்தது என்பார்கள். கதை ஜோர். ஆனால் ஆதாரம் இல்லை என்று அகராதிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். நம் ஆட்களுக்கு இந்தப் பிரச்னையே இருந்ததில்லை. சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன 'ரஜுலா' கப்பலில் பெரும்பாலோர் டெக் பயணிகள். கட்டிய 1926-லிருந்து 1973-ல் ஓய்வு பெறும் வரை எத்தனை அம்மாக்கள் பெட்டி, பாயோடு அதில் போயிருப்பார்கள்! ரூமாவது, ஜன்னலாவது... பாயை விரித்த இடம்தான் கேபின். பிறகு 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடந்த தீ விபத்தோடு அதன் பயணமும் முடிந்தது.

தீ என்றதும் ஒரு சீரியஸான விஷயம். கப்பலில் அவசரம் என்றால் லிஃப்ட் கிடையாது. படிதான். எல்லோரும் கூட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதன் எண்ணை உங்கள் அட்டையிலேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்தத் தளத்துக்கும் உங்கள் ரூமுக்கும் நடுவில் எத்தனை மாடி? அம்மாவால் அத்தனை படி ஏறமுடியுமா? இதை யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். புக்கிங் ஆபீஸ் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பார்க்கட்டுமே! 2012-ல் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் செத்தார்கள். அன்றைக்குத்தான் ஏறிய பல பேருக்கு ஒத்திகைகூட நடந்திருக்கவில்லை. அதற்கு முன்னால் ஏறி 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்று விதி. 2015-லிருந்து கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். அந்த ஒத்திகையை 'போர்' என்று பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அது முடிந்ததும் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் ரூமிலிருந்து அந்த இடம் வரை படியிலேயே ஒருமுறை நடத்திப் பார்த்தேன். ரெண்டு மாடி. நடுவில் ஒரு தடவை நின்றாள். "வந்துடுவேன், நீ பதறாத" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கீழ்த்தளத்திலும் ரொம்பக் கீழே போகாமல் ரூம் பிடித்தது.

ரூமுக்குள்ளே ரெண்டு சமாசாரம். முதலாவது கட்டில். பெரும்பாலும் ரெண்டு கட்டிலை ஒட்டிப்போட்டு டபுள் பெட்டாக வைத்திருப்பார்கள், தேனிலவு ஜோடி வருகிற மாதிரி! "பிரிச்சுப் போடுங்க" என்று புக்கிங்கின்போதே சொல்லிவிடுங்கள். சில ரூம்களில் மேல் பெர்த்தும் இருக்கும். அது உங்களுக்கு, ஏணி பிடித்து ஏறுங்கள், தொப்பை குறையும்.

ரெண்டாவது பாத்ரூம். கப்பல் பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு தடுப்பு மேடு உண்டு. தூக்கக் கலக்கத்தில் கால் இடறுகிற இடம் அதுதான். பாத்ரூம் லைட்டை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தேன். முடிந்தது. ஃப்ளஷ் பண்ணினால் விமானத்தில் வருவது மாதிரி 'உஷ்ஷ்ஷ்' என்று ஒரு உறிஞ்சல். முதல் தடவை அம்மா "ஐயோ!" என்று வெளியே வந்தாள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று அகலக் கதவு, மேடில்லாத பாத்ரூம், உட்கார்ந்து குளிக்க சீட் என்று தனி ரூம்கள் உண்டு. ஒரு கப்பலில் அவை கொஞ்சம்தான் இருக்கும். தேவைப்படுகிறவர்கள் தேதியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ரூமைப் பாருங்கள்.

மாத்திரைப் பையை மட்டும் பெரிய பெட்டியில் வைத்துவிடாதீர்கள். பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். ரூமுக்கு வந்து சேரச் சில மணி நேரம்கூட ஆகலாம். சர்க்கரை மாத்திரைக்கு அதுவரை பொறுமை கிடையாது. வாந்தி மாத்திரையையும் நண்பன் சொன்னான் என்று கொடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள். சில மாத்திரைகள் வயசானவர்களைக் கிறுகிறுக்க வைத்துவிடும். ஆடுகிற தரையில் அது வேறு எதற்கு?

"அம்மாவோட ஒரே ரூம்லயா? பிரைவசி?" என்று கேட்கிற தம்பிகளுக்கு: அம்மா, அப்பா ரெண்டு பேருமே வந்தால் அவர்களுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று எடுக்கலாம். உள்ளேயே கதவு வைத்த ஜோடி ரூம் கிடைத்தால் இன்னும் விசேஷம். ஒருவர் மட்டும் வந்தால் தனி ரூம் வேண்டாம். ரேட் எல்லாம் ரெண்டு பேர் தங்குகிற கணக்கில்தான் போடுகிறார்கள். தனியாக இருந்தால் ஏறக்குறைய ரெண்டு பேர் காசை ஒருத்தரே அழ வேண்டும். குறட்டைக்குப் பஞ்சு இருக்கிறது. (என் குறட்டைக்கு அம்மா பஞ்சு வைத்துக்கொண்டது தனிக்கதை.)

சொகுசுக் கப்பல் கட்டுப்படியாகாது என்கிறவர்களுக்கு அந்தமான் கப்பல் இருக்கிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, அதாவது 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, ஏறக்குறைய மூன்று நாள் பயணம். 'நான்கௌரி', 'ஸ்வராஜ் தீப்' எல்லாம் ஆயிரத்து இருநூறு பேர் ஏறுகிற கப்பல்கள். அதில் நடனமும் கிடையாது, நீச்சல்குளமும் கிடையாது. டீலக்ஸ் கேபினில் தொடங்கிக் கடைசியில் 'பங்க்' வரை வகுப்புகள். பங்க் என்றால் ரயில் பெர்த் மாதிரி பெரிய ஹாலில் அடுக்குப் படுக்கை, பொதுக் கழிப்பறை. நீங்களும் நானும் போகலாம். மூன்று ராத்திரி அம்மாவை அதில் ஏற்றாதீர்கள். அவளுக்குக் கேபின்தான், அதிலும் கீழ் பெர்த்.

இதை நான் அம்மாவிடம் சும்மா பேச்சுவாக்கில் சொல்லி வைத்தேன். போன வாரம் ஊருக்குப் போனால், பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பார்த்து, "தம்பி, நானும் வர்றேன். எனக்கும் சன்னல் பக்கம் சொல்லிடு" என்கிறார்கள். அத்தைக்கு ரெண்டு முட்டியும் வலி, ஒரு காது மந்தம். மறுபடியும் கொட்டேஷன் ஃபைலைத் திறந்திருக்கிறேன்!