பெட்ரோல் டேங்கில் தண்ணீர்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள், ரிசர்வுக்குத் திருப்பியதும் பைக் திணறி நிற்கிறதா? டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தண்ணீர் அடியில் தங்குகிறது. ரிசர்வுக்கான வாயும் அடிமட்டத்தில்தான் இருக்கிறது.

உள்ளே வரும் வழிகள் இரண்டு. டேங்க் மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் வடிய, பல பைக்குகளில் சிறு துளையும் டியூபும் உண்டு. அதில் மண் அடைத்தால், நீர் மூடியின் ரப்பர் வழியே கசிந்துவிடும். அடுத்தது காற்றின் ஈரம். பாதி காலியான டேங்கில் அது இரவுக் குளிரில் தகட்டில் வியர்த்து வடியும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் நீரை ஈர்க்கும். கொஞ்சம் நீர் என்றால் கரைந்து, பெட்ரோலோடு எரிந்துபோகும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனிப் படலமாக அடியில் இறங்கிவிடும். அதன்பின் முழுவதையும் வடித்துக் கொட்டுவதே வழி.

விட்டுவைத்தால் துரு பிடிக்கும். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். டேங்கில் இரண்டும் இருக்கின்றன. உதிரும் துகள்கள் ஃபில்டரையும் கார்புரேட்டர் ஜெட்டையும் இன்ஜெக்டரையும் அடைக்கும்.

வடிக்கும்போது வண்டி திறந்தவெளியில், இன்ஜின் ஆறிய நிலையில் இருக்கவேண்டும். அருகில் நெருப்பு கூடாது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகையும் திறந்து வடிக்க வேண்டும். லேசான துருவுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். டேங்கைக் கழற்றி, பெட்ரோல் காக், பம்ப், மிதவை எல்லாவற்றையும் எடுத்து, பெட்ரோல் வாடை போகக் கழுவியபின் கரைசலை ஊற்றி ஓர் இரவு ஊறவிடுவார்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்தி, உட்புறம் லேசாக எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் வெறும் தகடு சில மணி நேரத்திலேயே மீண்டும் துருவேறும். ஓட்டை விழுந்த டேங்கை வீட்டில் பற்றவைக்க முயலாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதானால், கழுத்துக்குச் சற்றுக் கீழ்வரை பெட்ரோல் நிரப்பி, கூரைக்கடியில் விடுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் மூடியருகே உள்ள வடிதுளையைச் சுத்தம் செய்யுங்கள். செலவில்லாத இந்த வேலை, புது டேங்க் வாங்கும் செலவைத் தவிர்க்கும்.