பெஸ்டோவுக்குக் கொஞ்சம் வெந்நீர்

பேசில் இலையை இடித்துச் செய்யும் பாஸ்தா சாஸான பெஸ்டோவில் வெண்ணெய் போடலாமா என்று இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் இன்று யாரிடமாவது கேட்டால் முறைப்பார்கள். பேசில் இலை கிடைக்கவில்லை, வேறு தழை அரைக்கட்டுமா என்றால் பேச்சே நின்றுவிடும். ஆனால் 1860களில் ஜொவான்னி பத்திஸ்தா ராத்தோ வெளியிட்ட ஜெனோவா சமையல் புத்தகத்தில், பெஸ்டோவுக்கு அச்சில் வந்த ஆரம்பகாலக் குறிப்பு ஒன்று இருக்கிறது. அது இரண்டையும் அனுமதிக்கிறது. பேசில் இல்லையென்றால் மார்ஜோரமும் பார்ஸ்லியும் போதும். பார்மசானோடு ஹாலந்துச் சீஸ் சேரலாம், ஏனென்றால் ஜெனோவா துறைமுக ஊர். உரலில் இடிக்கும்போது வெண்ணெயும் கொஞ்சம் உண்டு.

பூண்டு ஒரு பல். மற்ற எதற்கும் அளவு கிடையாது, எண்ணெய் "தாராளமாக" என்பதோடு சரி. கடைசியில் ஒரு சின்னக் குறிப்பு: பாஸ்தாவில் கலக்கும்போது உப்பில்லாத வெந்நீர் கொஞ்சம் விட்டு நெகிழ்த்திக்கொள்ளவும். தண்ணீர் சேர்த்த 'லைட்' பெஸ்டோவைப் போலி என்று ஏளனம் செய்கிறவர்கள் இந்த வரி வரை படித்ததில்லை போலும்.

அளவு சொல்லாதது ராத்தோவின் சோம்பல் அல்ல. சமையல் குறிப்பு என்பதே வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் பலகைகள் ஏறக்குறைய 3,700 ஆண்டுகள் பழையவை. குழம்புகளுக்கு என்னென்ன சேர வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் அவை, எவ்வளவு, எத்தனை நேரம் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ரோமானியர்களின் 'அபீசியுஸ்' தொகுப்பும் பெரும்பாலும் அப்படியே. கைப்பக்குவம் தெரிந்தவனுக்கு நினைவூட்டினால் போதுமே!

தெரியாதவர்கள் புத்தகத்தைப் பிரிக்கத் தொடங்கியபோதுதான் எண்கள் வந்தன. இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் 1845இல் குறிப்பின் முடிவில் பொருள்களையும் அளவுகளையும் தொகுத்துக் கொடுத்தார். 1861இல் வெளிவந்த இசபெல்லா பீட்டனின் புத்தகம் அந்தப் பட்டியலைத் தலைப்புக்கு அடியில் கொண்டுபோய் வைத்தது. அமெரிக்காவில் ஃபானி ஃபார்மர் 1896இல் இன்னும் ஒரு படி மேலே போய், கரண்டியில் குவித்து அளக்கக் கூடாது, தலை தட்டி அளக்க வேண்டும் என்றார். தமிழில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ இல்லாத எத்தனையோ சமையலறைகளில் அதுதான் பெரியவர்களின் இடத்தில் இருந்தது.

இதில் லாபம் பெரிது. நஷ்டமும் உண்டு: எண் ஒன்று அச்சேறிவிட்டால் அது சட்டமாகிவிடுகிறது. ஜெனோவா பேசிலுக்கு 2005இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. இன்று அங்கே பரவலாக ஏற்கப்பட்ட பெஸ்டோ குறிப்பு கிராம் கணக்கில் பேசுகிறது: 60 முதல் 70 கிராம் இலை, 30 கிராம் பைன் கொட்டை, இரண்டு வகைச் சீஸ், 60 முதல் 80 மில்லி ஆலிவ் எண்ணெய். வெண்ணெய் காணாமல் போய்விட்டது. ஹாலந்துச் சீஸும் கப்பலேறிவிட்டது. 2007 முதல் அங்கே நடக்கும் உலகப் பெஸ்டோ போட்டியில் எல்லோருக்கும் ஒரே பொருள்கள், சலவைக்கல் உரல், மர உலக்கை. அப்படியும் ஒருவர் கைக்கும் இன்னொருவர் கைக்கும் ருசி மாறத்தான் செய்கிறது.

சரி, பெஸ்டோவை 'லைட்' ஆக்க எண்ணெயைக் குறைப்பது எப்படி? 70 மில்லி எண்ணெயில் மட்டும் 550 கலோரிக்கு மேல் இருக்கிறது. பைன் கொட்டையிலும் மூன்றில் இரண்டு பங்கு கொழுப்புதான். ஆனால் எண்ணெயை அடியோடு நிறுத்த முடியாது. பேசிலின் வாசனைப் பொருள்கள் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். அதனால் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் பாஸ்தா வெந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்குவது நல்லது. அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சீஸே உப்பு, பாஸ்தாத் தண்ணீரிலும் உப்பு, எனவே உரலில் போடும் உப்பில் கையை இறுக்கிக்கொள்ள வேண்டும். ஜெனோவாக்காரர்கள் அதே பானையில் உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் சேர்த்து வேகவைப்பார்கள். கிழங்கிலிருந்து இறங்கும் மாவுச்சத்தும் சாஸைக் கெட்டியாக்கும்.

பக்கத்து ஊரான ரெக்கோவில் வேறு வழி. தயிர்போலப் புளிப்புள்ள 'பிரெஷின்சேவா' என்ற இளம் சீஸைப் பெஸ்டோவில் கலக்கிறார்கள், காரமும் கனமும் தணிகின்றன. எல்லைக்கு அப்பால் பிரான்சின் புரொவான்சில் 'பிஸ்து' செய்கிறவர்கள் கொட்டையே சேர்ப்பதில்லை. பூண்டு, பேசில், எண்ணெய், அவ்வளவுதான். அதைக் காய்கறி சூப்பில் ஒரு கரண்டி விட்டுக் கலக்கிச் சாப்பிடுகிறார்கள்.

மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு நிறம்தான் தலைவலி. இலை நசுங்கியதும் அதிலுள்ள நொதிகள் காற்றோடு சேர்ந்து கறுக்க வைக்கின்றன, சுழலும் கத்தியின் சூடு அதை விரைவுபடுத்துகிறது. இலையைக் கொதிநீரில் சில விநாடிகள் முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தால் பச்சை நிற்கும், வாசனையில் கொஞ்சம் போகும். நம்மூர்த் திருநீற்றுப் பச்சிலையும் பேசில் வகைதான். ஆனால் அதன் நெடி தூக்கலானது, ஜெனோவா இலையின் மென்மை வராது. எந்த இலையானாலும், அரைத்தபின் அடுப்பில் ஏற்றாமல் சூடான பாஸ்தாவிலேயே கலக்க வேண்டும்.